கண்டல்முனை மட்டி

மட்டி எங்கே எடுக்கிறாய் என்று கேட்டால் உண்மையைச் சொல்லும் பெண் தம்பலகாமக் குடாவைச் சுற்றி ஒருத்தியும் இல்லை. கேட்பது மாமியாராக இருக்கட்டும், கோயில் ஐயராக இருக்கட்டும், பள்ளிவாசல் மௌலவியாக இருக்கட்டும், கை நீளும் திசை வேறாகத்தான் இருக்கும். அங்கே இதற்குப் பொய் என்று பெயர் இல்லை. இன்றைக்கு ஒருவருக்குத் தெரிந்த மட்டிப் படுக்கையில் நாளைக்குப் பத்துப் பேர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று காலால் துழாவுவார்கள். மூன்றாம் நாள் வெறும் ஓடுகூட மிஞ்சாது. அதனால் தாய் மகளுக்குச் சொல்வதே கல்யாணம் முடிந்து, பிள்ளை பிறந்து, இனி இவள் வேறெங்கும் போகமாட்டாள் என்று தெரிந்த பிறகுதான்.

சிவரூபி அந்தப் பெண்களுக்குள்ளும் ஒரு படி மேல். நாற்பத்திரண்டு வயது. குடாவின் வடகரையில் வீடு. கிராம சேவகர் படிவம் கொண்டு வந்தால் "ஏன்?" பக்கத்து வீட்டுக்காரி சும்மா ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்து விட்டால் "ஏனாம்?" பாயசத்தைக் குடித்து முடித்த பிறகும் அந்த ஏன் போகாது. ஆனால் அவளை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. ஐந்து வருடத்துக்கு முன்பு இரண்டு பெடியள் அளவு நாடாவோடு வந்து கரையை அளந்து, "சும்மா ஒரு படிப்புக்கு அக்கா" என்று சிரித்துக்கொண்டு போனார்கள். ஆறாம் மாதம் அதே இடத்தில் முள்ளுக்கம்பி. யாருடைய வேலி என்று இன்றைக்கும் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. உள்ளே வரக்கூடாது என்று மூன்று மொழியில் ஒரு பலகை மட்டும் நிற்கிறது.

இப்படிப்பட்டவளிடம்தான் சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த கிழமை தர்சிகா வந்து சேர்ந்தாள். கொழும்பிலிருந்து ஏதோ திணைக்களத்து வான். கையில் ஐஸ் போட்ட வெள்ளை ரெஜிபோம் பெட்டி, கக்கத்தில் ஒரு கோப்பு. வவுனியாப் பிள்ளை, முப்பது வயது இருக்காது, வெயிலில் முகம் கறுத்துக் களைத்திருந்தாள்.

"அக்கா, ரெண்டு கிலோ மட்டி வேணும். ஓட்டோட. மணல் கக்க விடாமல், எடுத்தபடி அப்பிடியே."

"எடுத்தபடி திண்டால் பல்லுக்குள்ள நறநறக்கும் மிஸ். ஒரு ராத்திரி தண்ணியில போட்டு வைச்சுத்தான் நாங்கள் விக்கிறது."

"திங்கிறதுக்கில்லை அக்கா. பரிசோதனைக்கு. கடலிலயும் ஆத்திலயும் கதிரியக்கம் எவ்வளவு இருக்கெண்டு நாடு முழுக்கப் பாக்கிறம். மீன், மட்டி, சேறு எல்லாம் எடுத்துக்கொண்டு போறம். மட்டி ஒரே இடத்தில கிடந்து தண்ணியைக் குடிக்கிறதால அதுதான் நல்லாக் காட்டிக் குடுக்கும்."

காட்டிக் கொடுக்கும் என்ற சொல்லைத்தான் சிவரூபியின் காது பிடித்துக்கொண்டது. போன தரம் படிப்பு, இந்தத் தரம் கதிரியக்கம். அடுத்தது என்ன, கம்பியா சுவரா என்று நினைத்துக்கொண்டு மட்டியைத் தராசில் நிறுத்தாள். பேரம் பேசாமல் தர்சிகா காசைக் கொடுத்தது சந்தேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டியது.

"இது எந்த இடத்தில எடுத்தது?"

"கண்டல்முனை." யோசிக்காமல் வந்தது, மூச்சு வருகிற மாதிரி.

"அங்க போய்ப் பாக்கேலுமோ?"

"இப்பவோ? தண்ணி ஏத்தம். சேறு இடுப்பு மட்டும் வரும். முதலையும் கிடக்கு."

தர்சிகா மணிக்கூட்டைப் பார்த்தாள். அன்றைக்கே கிண்ணியாவும் மூதூரும் முடிக்க வேண்டுமாம். பையில் ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டி, "கண்டல்முனை" என்று எழுதினாள். தன் போன் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, சிவரூபியின் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். வான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

கண்டல்முனை எங்கே இருக்கிறது என்றால், குடாவின் தென்பக்கம், கிண்ணியாக் கரையில். சிவரூபி மட்டி எடுப்பதோ வடக்கே, குருவித்திட்டிக்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெரிய தண்ணீர். கண்டல்முனையைச் சொன்னதில் சிவரூபிக்கு ஒரு நியாயமும் இருந்தது. அது ஊரறிந்த இடம், பன்னிரண்டு கிண்ணியாப் பெண்கள் காலங்காலமாக இறங்குகிற இடம், அதைச் சொன்னால் யாருக்கு என்ன நட்டம்? அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி பல்கீஸ். திருகோணமலைச் சந்தையில் ஒன்பது வருடமாகச் சிவரூபிக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து மட்டி விற்பவள். ஒரு குடையை இரண்டு பேரும் பிடிப்பார்கள். ஒருத்தி வெளியே போனால் மற்றவள் இரண்டு வாளியையும் பார்த்துக்கொள்வாள். சிவரூபியின் படுக்கை எங்கே என்று பல்கீஸ் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியாதா?

ஆவணி பிறந்து நாலாம் நாள் கண்டல்முனையில் பலகை நட்டார்கள். இந்த இடத்தில் மட்டி எடுப்பதும் விற்பதும் மறு அறிவித்தல் வரை தடை. மட்டியில் அளவுக்கு மிஞ்சிய கதிரியக்கம்.

அதற்குப் பிறகு சந்தையில் எழும்பின கதைகளைக் கேட்க வேண்டும். வைகாசியில் ஒரு வெளிநாட்டுக் கப்பல் துறைமுகத்துக்கு வந்து பதினேழு நாள் நின்றுவிட்டுப் போனது. அது என்ன கப்பல், ஏன் நின்றது, ஏன் கரைக்கு ஒருவரையும் இறக்கவில்லை என்று அப்போது கேட்காத சனம் எல்லாம் இப்போது கேட்டது. நெருப்பில்லாமல் புகையுமா என்றார் கருவாட்டுக்கடை முதலாளி. கப்பலுக்கு அடியில் இன்னொரு கப்பல் இருந்ததைத் தன் மச்சான் கண்ணாலே கண்டான் என்றான் ஐஸ்காரன். மச்சானுக்கு அரைக் கண் பார்வை என்பதை யாரும் அந்த நேரம் நினைக்கவில்லை.

எல்லாரிலும் பெரிதாகக் கப்பலைத் திட்டினவள் சிவரூபி. "நாசமாப் போனவங்கள், எங்கட வயித்தில அடிக்க எங்கேயிருந்து வந்தவங்களோ." அவளுக்குக் கப்பல் வேண்டியிருந்தது. கப்பல் என்றால் குடா முழுக்க ஒரே தண்ணீர், ஒரே நஞ்சு. பலகை எங்கே நின்றால் என்ன? ஆனால் தர்சிகா பையைக் கொண்டு போனது சித்திரையில், கப்பல் வந்தது வைகாசியில். அந்தப் பைக்குள் இருந்தது கண்டல்முனை மட்டி இல்லை, தன் மட்டி என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டும் தெரிந்திருந்தும் அந்தப் பக்கம் மனதைத் திருப்பாமலே அவள் திட்டிக்கொண்டிருந்தாள். தெரிந்த ஒன்றை நினைக்காமல் இருக்க மனுசருக்கு ஆயிரம் வழி இருக்கிறது.

பலகையின் அடி பல்கீசுக்குத்தான் விழுந்தது. கிண்ணியாக்காரி கையால் மட்டி வாங்க ஒருவரும் இல்லை. மட்டியை விட்டுவிட்டு எலுமிச்சங்காயும் கருவாடும் கொண்டு வந்து வைத்தாள். அதையும் தூர நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்பது வருடமாகக் கண்ணாடிக் கிளாசில் பிளேன்டி கொடுத்த கடைக்காரன் இப்போது அவளுக்கு மட்டும் கடதாசிக் கப்பில் கொடுத்தான். பல்கீஸ் அதைக் குடித்துவிட்டுக் கப்பைக் கசக்கிச் சாக்குக்கு அடியில் வைத்தாள். அதைச் சிவரூபி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, இதைக் கொண்டு போங்கோ," என்று அன்றைக்கே ஒரு பேசின் மட்டியை அவள் பக்கம் தள்ளினாள். "என்ட பக்கத்து மட்டி. அதில ஒரு பிழையும் இல்லை. வித்தாலும் சரி, ஆக்கித் திண்டாலும் சரி."

பல்கீஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு விக்க வேணாமா தங்கச்சி?"

"எனக்குக் காணும்."

உண்மையில் சிவரூபிக்குக் காணும்தான். கண்டல்முனை மட்டி இல்லாமல் போனதில் அவளுடைய மட்டி பத்து மணிக்கு முன்பே முடிந்துவிடும். அன்று தொடங்கி ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் ஒரு பேசின் பல்கீசுக்குப் போனது. கொடுக்கும்போது மனம் கொஞ்சம் இறங்கி நிற்கும். அதற்காகவே கொடுத்தாள் என்றும் சொல்லலாம்.

புரட்டாதி நடுப்பகுதியில், ஒரு புதன் மத்தியானம், தர்சிகாவிடமிருந்து போன் வந்தது. சிவரூபியின் மகள் கஜந்தினி குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மாத வயிறு. புருசன் டிலக்சன் கட்டாருக்குப் போயிருந்தபடியால் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். மசக்கை தொடங்கின நாளிலிருந்து மட்டிச் சொதியும் சிவப்பரிசிச் சோறும் இல்லாமல் அவளுக்கு ஒரு நேரமும் இறங்காது.

"அக்கா, ஒரு விசயம் கேக்க எடுத்தனான்," என்றாள் தர்சிகா. "கண்டல்முனைப் பக்கம் ஆராவது லொறியில மண் கொண்டு வந்து கொட்டினவையோ? உங்களுக்குத் தெரியுமோ?"

"மண்ணோ? கப்பல் எண்டெல்லோ எல்லாரும் சொல்லுகினம்."

"கப்பல் இல்லை அக்கா. அணு உலையிலயிருந்து வாறது எண்டால் வேற சாமான் காட்டும். இது தோரியம். குச்சவெளிக்கு அங்கால கரையில கறுப்பு மணல் கிடக்குத்தானே, பாரமான மணல், அதுக்குள்ள இயற்கையாவே இருக்கிறது. அங்க கிடக்கிற வரைக்கும் அது பாட்டில கிடக்கும். இஞ்ச அந்த மணல் இல்லை. குடாவில நாங்கள் எடுத்த மற்ற எட்டு இடமும் சுத்தம். இந்த ஒரு மட்டியின்ட வயித்துக்குள்ள மட்டும் அந்த மணல் நிறைஞ்சு கிடக்கு. ஆரோ கொண்டு வந்து போட்டிருக்கினம் எண்டுதான் எங்களுக்குச் சந்தேகம்."

"எனக்கொண்டும் தெரியாது மிஸ்," என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினாள். கஜந்தினி சொதியைக் கோப்பையோடு தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். சிவரூபி ஓடிப்போய் அதைப் பறித்தாள். சொதி மகளின் சட்டையில் ஊற்றுப்பட்டது.

"என்னம்மா? விசரே உங்களுக்கு?"

"பழுதாப் போச்சு. மணக்குது. நீ இனி மட்டி திங்கக்கூடாது."

"இப்ப மட்டும் மணக்கேல்லை?"

சிவரூபி மிச்சச் சொதியைச் சட்டியோடு கொண்டுபோய் வீட்டுப் பின்கோடிக்குள் கொட்டிவிட்டு, கொட்டின இடத்துக்கு மேல் மண்ணை இழுத்து மூடினாள். பூனை தோண்டிவிடுமோ என்று அதற்கும் மேல் ஒரு கல்.

அந்த மணல் யார் கொண்டு வந்தது என்று அவளுக்கா தெரியாது? ஆறு வருடத்துக்கு முன் வெள்ளம் வந்து மகாவலிச் சேறு குருவித்திட்டிப் படுக்கையை ஒரு முழத்துக்கு மூடியது. சேற்றில் மட்டி மூச்சடைத்துச் செத்துப்போகும். அப்படியான நேரத்தில் சேற்றுக்கு மேல் மணல் பரப்பிவிட்டால் மட்டி திரும்பவும் பிடிக்கும் என்பது குடாக்காரருக்குத் தெரிந்த வேலை. ஆனால் ஆற்று மணல் போட்டால் இரண்டு பெருக்கில் தண்ணீர் அள்ளிக்கொண்டு போய்விடும். அவள் புருசன் குலேந்திரன் அப்போது மீன் ஏற்றும் கூலர் லொறி ஓட்டினான். வடக்கே குச்சவெளி தாண்டிப் போய் வெறும் லொறியோடு திரும்பும்போது, மாரிக் கடல் கரையில் ஒதுக்கி வைத்திருந்த கறுப்பு மணலைக் கண்டான். ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் ஈயக்குண்டு மாதிரிப் பாரம். எந்த நீரோட்டமும் இதை அசைக்காது என்று மூளை வேலை செய்தது. அரசாங்கத்து மண், அள்ளினால் குற்றம் என்று தெரிந்தும், உரப்பையில் கட்டி மீன் பெட்டிகளுக்கு அடியில் வைத்து, முப்பத்திரண்டு பை கொண்டு வந்து சேர்த்தான். இரண்டு பேருமாகத் தோணியில் ஏற்றிப்போய்ப் பரப்பினார்கள். மட்டி பிடித்தது மட்டுமில்லை, குடாவில் இல்லாத கொழுப்போடு பிடித்தது. "என்ட மனிசனுக்குப் படிப்பில்லை, மூளை இருக்கு" என்று சிவரூபி தன் மனதுக்குள் எத்தனையோ தரம் மெச்சியிருக்கிறாள். வெளியில்தான் சொல்ல முடியாதே.

பின்னேரம் குலேந்திரன் வந்ததும் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பல் துலக்குகிற மாதிரி வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.

"வாயை மூடிக்கொண்டிரு. கப்பல் எண்டு ஊரே நம்புது. கப்பலுக்கென்ன, வந்து மறுத்துக் கதைக்கவா போகுது?"

"பிள்ளை தினமும் திண்டவள்."

"நீ ராத்திரி முழுக்கத் தண்ணியில போட்டு மணல் கக்க விட்டுத்தானே சமைக்கிறனீ. அவள் கொண்டு போனது கக்க விடாத மட்டி. அதான் மணல் நிறைய இருந்தது. எங்கட சட்டியில ஒண்டும் இராது."

"இராது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"இருக்கெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

அதற்கு மேல் இரண்டு பேரிடமும் விசயம் இல்லை. கேட்டுத் தெளிவதற்கு இருந்த ஒரே ஆள் தர்சிகா. அவளிடம் கேட்பதென்றால் மட்டி யாருடையது என்று சொல்ல வேண்டும். சொன்னால் படுக்கை போகும், புருசன் பொலிசுக்குப் போவான். பாம்பென்று தாண்டவும் ஏலாது, பழுதென்று மிதிக்கவும் ஏலாது. சிவரூபி அன்றிலிருந்து எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கத் தொடங்கினாள். சீப்பில் வந்த மகளின் மயிரை எண்ணினாள். வயிற்றுக்குள் பிள்ளை துடிக்கிறதா என்று கஜந்தினி நித்திரையாக இருக்கும்போது கை வைத்துப் பார்த்தாள். கிளினிக்கில் மிட்வைஃப் "எல்லாம் நல்லா இருக்கு" என்றபோது, இவள் ஏன் இவ்வளவு கெதியாகச் சொல்கிறாள் என்று அதையும் சந்தேகித்தாள்.

மகளின் கோப்பையில் மட்டி நின்றது. சந்தையில் விற்பதையும், இடுப்பு நாரி நோகிறது, கடலில் இறங்க ஏலாது என்று சொல்லி நிறுத்திவிட்டு மரக்கறி விற்றாள். பல்கீசின் பேசின் மட்டும் நிற்கவில்லை.

அதை எப்படி நிறுத்துவது? மகளுக்குத் தின்னாதே என்று அதட்டலாம். மரக்கறி மூட்டை தூக்குவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற பல்கீசிடம் நாரி நோவு எடுபடாது, வேறு காரணம் சொல்ல வேண்டும். "மூட்டை தூக்குகிறவளுக்குக் கடலில் இறங்க மட்டும் ஏன் ஏலாது, எனக்கும் ஏன் நிறுத்துகிறாய், நீ ஏன் விற்கிறதில்லை, என்ன தெரியும் உனக்கு" என்று அவள் ஒன்றைப் பிடித்து இழுத்தால் முழுப் பின்னலும் கழன்றுவிடும். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாகிவிடும். அதனால், "ராத்தாவுக்கெண்டு கொஞ்சம் எடுத்தனான்" என்று சொல்லி, முன்னைவிடக் கூடின நேரம், இரண்டு இரவு தண்ணீரில் போட்டு, மூன்று தரம் அலசி, கொண்டுபோய்க் கொடுத்தாள். இவ்வளவு அலசினால் ஒன்றும் இராது என்று தனக்குச் சொன்னாள். அப்படியென்றால் கஜந்தினிக்குக் கொடுக்கலாமே என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலுக்கு அவள் காது கொடுக்கவில்லை. வெள்ளி ஒன்று, செவ்வாய் ஒன்று, அடுத்த வெள்ளி ஒன்று என்று மூன்று பேசின் அப்படிப் போனது.

புரட்டாதிக் கடைசி ஞாயிறு. அடுத்த நாள் போயா விடுமுறை, சந்தையில் சனம் நெரிந்தது. பல்கீசின் கருவாடு அன்றைக்குக் கொஞ்சம் விலைப்பட்டிருந்தது. முகம் தெளிந்திருந்தாள். செவ்வாய்க்குச் சந்தைக்கு வரமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தபடியால் சிவரூபி அந்தப் பேசினை முன்கூட்டியே கொண்டு வந்திருந்தாள்.

"அல்லா உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான் தங்கச்சி," என்றாள் பல்கீஸ் பேசினை வாங்கிக்கொண்டு. "இந்த மட்டி இல்லாட்டி நான் என்ன செய்வன்."

"என்ன விலைக்குக் குடுக்கிறீங்க ராத்தா?"

"விக்கிறதா? கிண்ணியாவுல என்ட கையால மட்டி வாங்க ஆரு இரிக்கா? எல்லாம் ஊட்டுக்குத்தான். மருமகள் ஸல்ஹாவுக்குப் புள்ள பெத்து நாப்பது முடிஞ்சு பத்து நாள்தானே. முதல்ல பால் இல்லாமப் புள்ள கத்திக் கத்திக் கிடந்த. இப்ப காலையிலயும் பின்னேரத்துலயும் மட்டி ரசம் வைச்சுக் குடுக்கன். பால் ஊறுது பாரு, புள்ளைக்கு மூச்சு முட்டுது."

பேசினைத் திருப்பி வாங்கச் சிவரூபியின் கை எழும்பியது. எழும்பின கை தக்காளியை அடுக்கியது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. பல்கீஸ் பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள், ஜன்னலால் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அரை மணித்தியாலம் சிவரூபி அங்கேயே இருந்தாள். ஒருவர் வந்து கத்தரிக்காய் என்ன விலை என்று மூன்று தரம் கேட்டுவிட்டுப் போனார். பிறகு எழும்பி, மரக்கறியைச் சாக்கோடு அப்படியே விட்டுவிட்டு, பஸ் நிலையத்து மூலையில் நின்று தர்சிகாவுக்கு எடுத்தாள்.

"மிஸ், அது கண்டல்முனை மட்டி இல்லை. என்ட மட்டி. குருவித்திட்டிக்குப் பின்னால எடுத்தது. மண் போட்டதும் நாங்கள்தான்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவளுடைய படுக்கையின் பெயர் அவள் வாயிலிருந்து வெளியே வந்தது அதுதான் முதல் தரம்.

"அக்கா," என்றாள் தர்சிகா மெதுவாக, "கண்டல்முனைப் பெம்பிளையளுக்குப் பாவம் பாத்துச் சொல்லுறீங்களோ? தடையை எடுக்கச் சொல்லி ஆராவது உங்களைச் சொல்லச் சொன்னவையோ?"

"இல்லை மிஸ். சத்தியமா."

"அண்டைக்கும் இப்பிடித்தானே அக்கா நேரா என்ட முகத்தைப் பாத்துச் சொன்னனீங்கள்." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "நாளைக்குப் போயா எண்டாலும் பரவாயில்லை, நான் வாறன். வாயால சொன்னது காணாது. கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டுங்கோ."

"காட்டுறன்," என்றாள் சிவரூபி. அடுத்த கிண்ணியா பஸ்சில் ஏறினாள். பாலத்தில் போகும்போதுதான், மட்டி தின்றவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

பல்கீசின் வீட்டு வாசலில் நின்றபோது மணி மூன்று. ஒன்பது வருடச் சிநேகிதத்தில் அந்த வீட்டுக்கு அவள் வந்தது இரண்டாம் தரம். உள்ளே ஸல்ஹா பாயில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு கோப்பையை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிள்ளை நித்திரை. இருபத்திரண்டு வயது இருக்கும், கஜந்தினி வயதுதான்.

"புள்ள, அதைக் குடியாதை," என்றாள் சிவரூபி வாசலில் நின்றபடியே. "வைம்மா கீழ."

குசினியிலிருந்து பல்கீஸ் வந்தாள். சிவரூபி இருக்கவில்லை. நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். தர்சிகா, பை, கண்டல்முனை, குருவித்திட்டி, முப்பத்திரண்டு பை மண். பல்கீஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இடத்தை மாற்றிச் சொன்ன கதை வந்தபோது அவள் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை.

"அது ஆரும் செல்றதுதான்," என்றாள். "என்னட்டக் கேட்டிருந்தா நானும் உன்ட பக்கத்தைத்தான் காட்டியிருப்பன். பலகை நட்ட அண்டைக்கு வந்து செல்லியிருக்கணும். அது வேற கதை." பிறகு மருமகளின் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். அதைப் பார்த்தபடியே கேட்டாள்: "உன்ட மகளும் வயித்துப் புள்ளக்காரி. அவளுக்கு எப்ப நிப்பாட்டின?"

நேற்று என்று சொல்லலாம். இன்றைக்குத்தான் தெரியும் என்றும் சொல்லலாம். பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது, ஒரு நாளும் அவளைக் கைவிடாத பொய்.

"பதினொரு நாள் ராத்தா."

பல்கீஸ் அந்தப் பதினொரு நாளில் வந்த பேசின்களை எண்ணினாள். விரலை மடித்தாள். ஒரு விரல், இரண்டாவது விரல், மூன்றாவது, இன்றைக்குக் கொண்டு வந்தது நாலாவது. மடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். சிவரூபிக்கு அழுகை வந்தது. அந்த வீட்டில் நின்று அழத் தனக்கு என்ன இருக்கிறது என்று அடக்கினாள்.

பிள்ளை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. ஸல்ஹா பழக்கத்தில் தூக்கி மடியில் போட்டாள், சட்டைக்குக் கை கொண்டு போனாள். அந்தக் கை பாதியில் நின்றது.

"மாமி, குடுக்கலாமா?"

பல்கீஸ் சிவரூபியைப் பார்த்தாள். ஸல்ஹாவும் பார்த்தாள். பிள்ளை வாயைத் திறந்து திறந்து தேடியது. சிவரூபி அவசரமாகப் போனை எடுத்து, நம்பரைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"மிஸ், பால் குடுக்கிற பிள்ளை ஒண்டு அந்த மட்டி திண்டுட்டுது. என்ட மட்டி. பச்சைப்பிள்ளை அழுகுது. பால் குடுக்கலாமோ?"

"குடுக்கச் சொல்லுங்கோ அக்கா," என்றது தர்சிகாவின் குரல். "உடனே குடுக்கச் சொல்லுங்கோ. அந்த மணல் வயித்தால போயிடும், பாலுக்கு வராது. மட்டியை மட்டும் இனி வேண்டாம். நாளைக்கு வந்து நான் அவவோட கதைக்கிறன். பயப்பிட வேண்டாம்."

சிவரூபிக்கு உயிர் திரும்பி வந்தது. "கேட்டனீங்கதானே," என்று போனை நீட்டினாள். "குடு புள்ள, குடு."

ஸல்ஹா அசையவில்லை. அழுகிற பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்தப் போனையும் அதைப் பிடித்திருந்த கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது அந்த மிஸ்தான் எண்டு நமக்கு எப்படித் தெரியும் மாமி?"

"மிஸ்தான் ராத்தா. என்ட பிள்ளை மேல ஆணையா."

பல்கீஸ் அலுமாரிக்கு மேல் கிடந்த தன் பழைய போனை எடுத்தாள். முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தாள்.

"உன்ட போன் வேணாம்," என்றாள். "நம்பரைச் செல்லு. நான் கேட்கன்."

சிவரூபி ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். பல்கீஸ் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் அழுத்தினாள்.